மூடியைத் திறப்பதற்கு முன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேன்ஹோல் பொங்கி வழிந்த ஒரு காலை. பள்ளிக்கூட வான் அழுக்குத் தண்ணீரைத் தவிர்த்து ஒதுங்கிப் போனது. எதிர்வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேற்றைச் சாத்தினார். வேலைக்கு வந்திறங்கிய நான்கு பேரில் மூத்தவர் பொங்குகிற மூடியின் பக்கமே போகவில்லை. ஓட்டம் போகும் திசையில் சிறிது தூரம் நடந்து, அடுத்த மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கச் சொன்னார். தள்ளி நின்று காற்றுப் போக விட்டார். பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தார். அடியில் ஈரம் மட்டுமே இருந்தது.

"இது காய்ஞ்சு கிடக்கு. அப்ப அடைப்பு ரெண்டுக்கும் நடுவுல" என்றார்.

காய்ந்த குழிப் பக்கமிருந்து மேல்நோக்கிக் கம்பியை விடவேண்டும். ஆனால் அடைப்பு விடுபடும் நேரத்தில் அந்தக் குழிக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. தேங்கி நின்றதெல்லாம் வாயுவோடு சேர்ந்து ஒரேயடியாகப் பாய்ந்து வரும். இதையும் பக்கத்தில் நின்ற இளைஞனுக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு ஒரு பெரியவர் காட்டித் தந்தார். அவர் பென்சன்ல போயிட்டார். நானும் போகப் போறேன்" என்றார்.

அந்தப் பதில் பல நாட்களாக என்னைவிட்டுப் போகவில்லை. கழிவுநீர்த் தொழிலாளரின் தொழில் மேம்பாடு என்று சொன்னால் குளிரூட்டிய மண்டபம், ஒரு கோப்பு, தேநீர், மாலையில் சான்றிதழ் என்றுதான் நம்மில் பலருக்கு நினைவு வருகிறது. விஷயம் அதுவல்ல. அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது எப்படி இன்னொருவருக்குப் போய்ச் சேருகிறது, சேராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஜேம்ஸ் மான்சர்க் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த திட்டத்தின்படி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கத் தொடங்கிய வலையமைப்பு அது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலோ ஆமர் வீதியிலோ ஒரு வீட்டில் கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிட்டால், அது தெருக்குழாயில் சேர்ந்து, நீரேற்று நிலையங்கள் வழியாக நகர்ந்து போகிறது. நகரின் கழிவுநீரைக் கடலுக்குள் தூரமாகக் கொண்டுபோய் விடும் குழாய்கள் இரண்டு: வடக்கே முகத்துவாரத்தில் ஒன்று, தெற்கே வெள்ளவத்தையில் ஒன்று. நகர எல்லைக்குள் உள்ள குழாய்களைப் பார்த்துக்கொள்வது கொழும்பு மாநகர சபை. வெளியே தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை போன்ற இடங்களின் பொறுப்பு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் இருக்கிறது. இந்தப் பழைய வலையமைப்பைத் திருத்த 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 10 கோடி டொலர் கடன் தந்தது. பம்புகள் புதிதாகலாம், குழாய்கள் புதிதாகலாம். அவற்றோடு பழகும் கைகளின் அறிவுக்கு அப்படி ஒரு கணக்கு எழுதப்படுவது குறைவு.

மாநகர சபைத் துப்புரவு வேலை என்றால் உடல் பலம் போதும், படிப்புத் தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஐதரசன் சல்பைட்டு என்ற ஒரே ஒரு வாயுவை எடுத்துக்கொண்டால் போதும், அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று தெரிந்துவிடும்.

கழிவுநீர் ஓடாமல் தேங்கும்போது ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வேலை செய்யும் நுண்ணுயிர்கள் இந்த வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் காற்றின் பத்து இலட்சம் பங்கில் இது சுமார் நூறு பங்கை எட்டும்போது மோப்ப உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும் இடம்தான் ஆபத்தான இடம். ஐந்நூறைத் தாண்டினால் மயக்கம் வரும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் படிந்து கிடக்கும். சேற்றுக்குள்ளும் ஒளிந்திருக்கும், கம்பியால் கிளறினால் வெளியே வரும். மூடியைத் திறந்தபோது பாதுகாப்பாக இருந்த குழி கால் மணி நேரத்தில் கொல்லும் குழியாவது இப்படித்தான். ஆகவே ஒரு தடவை சோதித்துவிட்டு இறங்குவது போதாது. கீழே ஆள் இருக்கும்வரை வாயுமானி அவர் உடலிலேயே இருக்க வேண்டும்.

தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, கடதாசியை எரித்து உள்ளே போடுவது போன்ற பழைய வழக்கங்கள் உண்டு. குழியில் மெதேன் இருந்தால் அந்தத் தீக்குச்சியே வெடிக்கக் காரணமாகிவிடும். இல்லாவிட்டால், ஐதரசன் சல்பைட்டு கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் சாதாரணமாக எரிந்துகொண்டிருக்கும். நல்ல காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 20.9. அது 19.5க்குக் கீழே இறங்கினால் உள்ளே போகக் கூடாது. நமது கண்ணோ மூக்கோ அந்த வித்தியாசத்தைக் காட்டித் தராது.

இன்னொன்றையும் விளக்கவேண்டும். இத்தகைய விபத்துகளில் முதலில் விழுந்தவரோடு மரணம் நிற்பதில்லை. 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலை ஒன்றின் தாங்கிக்குள் ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அது கழிவுநீர்க் குழாய் அல்ல. ஆனால் மூடிய இடத்தில் நடக்கும் சாவின் முறை ஒன்றுதான். கூட வேலை செய்கிறவன் விழும்போது பாய்ந்து இறங்குவது மனித இயல்பு. அந்த இயல்பை அடக்கி, மேலே நின்று முக்காலியிலும் கப்பியிலும் கயிற்றை இழுக்கும்படி ஒருவரைப் பழக்க ஒரு நாள் விரிவுரை போதாது. நான்கு பேர் சேர்ந்து, மாதத்துக்கு ஒரு முறையாவது, பொம்மையை இறக்கி ஏற்றிச் செய்து பார்த்தால்தான் அது கைக்கு வரும். பயிற்சியும் தோழமையும் இரண்டு வேறு விஷயங்கள் என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கயிற்றின் இரு முனையிலும் நிற்பவர்களுக்கு அவை ஒன்றே.

வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்துப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. நகரம் தட்டையானது, சரிவு குறைவு, ஆகவே கழிவுநீர் மெதுவாக நகர்ந்து பம்புக் கிணறுகளில் காத்து நிற்கும். சூடும் தேக்கமும் சேர்ந்தால் குளிர்நாட்டுக் குழாயைவிட இங்கே வாயு கூடுதலாக உண்டாகும். அதே வாயு குழாயின் மேற்கூரையில் சல்பூரிக்கமிலமாக மாறிக் கொங்கிரீட்டை அரிக்கும். எந்த மழைக்குப் பிறகு எந்தத் தெருவில் பொங்கும், எந்த மூடிக்குக் கீழே படிக்கட்டு துருப்பிடித்துப் போயிருக்கிறது என்பதெல்லாம் லண்டனில் அச்சிட்ட புத்தகத்தில் இருக்காது. அது வேலை செய்தவர்களின் தலையில் இருக்கிறது.

2022ஆம் ஆண்டின் முடிவில் அந்தத் தலைகளில் பல ஒரே நாளில் வீட்டுக்குப் போயின. அரச, அரை அரச நிறுவனங்களில் ஓய்வு வயது 60 என்று அந்த ஆண்டு இடைக்கால வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அந்த டிசம்பர் 31 அன்று நாடு முழுவதும் பெருந்தொகையானோர் ஓய்வுபெற்றார்கள். மருத்துவர்கள் போனதைப் பற்றி எல்லோரும் கவலைப்பட்டோம். சரிதான். குழாய்க்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரைபடம் பாராமல் சொல்லக்கூடியவர்கள் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இங்கே 'சமூகம்' என்ற சொல்லை நிதானமாகப் பார்க்கவேண்டும். கழிவுநீர்த் தொழிலாளருக்கு ஒரு சமூகம் வேண்டும் என்று எழுதினால், ஏற்கெனவே இருக்கிறதே என்று ஒரு கசப்பான பதில் வரலாம். பிரித்தானியர் காலத்தில் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் துப்புரவு வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. நகர சபை தந்த வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருத்தப்பட்டார்கள். கண்டியில் மஹியாவ அப்படி உருவான குடியிருப்பு. தகப்பன் செய்த வேலை மகனுக்குப் போனது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் அவர்களைக் கட்டி வைத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றவர்களாக்கியபோது இவர்களும் தப்பவில்லை. இது பிறப்பு போட்ட வேலி. பள்ளிக்கூடத்தில் தகப்பனின் தொழில் என்ன என்று ஆசிரியர் கேட்டால், பிள்ளை 'மாநகர சபையில் வேலை' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இந்த வேலிதான்.

நான் சொல்லும் சமூகம் அதற்கு எதிரானது. ஒருவர் தெரிந்து சேர்வது, தேர்ந்து ஏறுவது, விரும்பினால் சான்றோடு வெளியேறி வேறு இடத்துக்குப் போவது. மருத்துவத் தாதியருக்கும் மின்னியலாளருக்கும் இருப்பது போன்றது. இப்படி ஒன்று வந்தால்தான் அந்தப் பழைய வேலி உடையும். ஏனென்றால் திறன் என்று எழுதி அங்கீகரித்த வேலையை எந்தச் சாதிக்காரரும் செய்யலாம். திறன் என்று எழுதாத வேலை மட்டுமே ஒரு சாதியின் தலையில் நிற்கும்.

வேறு நாடுகள் இதை ஒரே நாளில் செய்யவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் நீர், கழிவுநீர் நிலையங்களை இயக்குபவர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கிய ஆண்டு 1918. அமெரிக்காவில் 1928இல் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1970களில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பல்கலைக்கழகத்தில் கென் கெர்ரி என்ற பேராசிரியர் முன்னின்று தயாரித்த கையேடுகள். பொறியியலாளருக்காக அல்ல, வால்வைத் திருப்புகிறவருக்காக எழுதப்பட்டவை அவை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தானே படித்து, கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்க்கலாம். தொழிலில் இருந்தவர்களே பாடங்களை எழுதவும் திருத்தவும் உதவினார்கள். ஒரு தலைமுறை தொழிலாளர் அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் மேலே வந்தார்கள்.

1988 முதல் அதே நாட்டில் கழிவுநீர் நிலைய ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கிறது. அணி அணியாக வருவார்கள். ஓடுகிற குழாயை அறுத்துப் புதுத் துண்டைப் பொருத்துவது, பம்பைக் கழற்றிப் பூட்டுவது, ஆய்வுகூடச் சோதனை, குழிக்குள் மயங்கிக் கிடக்கும் பொம்மையை மீட்பது: எல்லாவற்றுக்கும் நேரக் கணக்கும் புள்ளியும் உண்டு. விளையாட்டு மாதிரித் தெரியும். உண்மையில் ஒரு ஊரின் நல்ல பழக்கம் இன்னொரு ஊருக்குத் தாவுவது அங்கேதான். கண்டி கன்னொறுவை நிலையத்து அணி, குருணாகல் அணி, ஜா-எல அணி, கொழும்பு மாநகர சபை அணி என்று நான்கு அணிகள் ஒரு சனிக்கிழமை இரத்மலானையில் கூடினால் என்ன செலவாகும்? நிச்சயமாக ஒரு பம்பின் விலையைவிடக் குறைவு.

இந்தியாவின் அனுபவம் வேறு ஒரு பாடம். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. 2023 ஒக்டோபர் 20 அன்று அந்தத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் செயற்பாட்டாளர் பெஸ்வாடா வில்சனும் துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி அந்தோலனும் நடத்திய நீண்ட போராட்டம் இருக்கிறது. ஆனாலும் சென்னையிலும் மற்ற நகரங்களிலும் சாவுகள் நிற்கவில்லை. இறந்தபின் என்ன தருவது என்பதற்கு ஒரு தொகை வந்துவிட்டது. இறங்குமுன் என்ன கற்பிப்பது என்பது ஒவ்வொரு ஒப்பந்தக்காரரின் விருப்பத்தில் கிடக்கிறது. இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மைதான். 2018இல் திருவனந்தபுரத்தில் பான்டிகூட் என்ற குழி துப்புரவு இயந்திரம் இறங்கியபோது, முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே அதை இயக்கப் பயிற்சி கொடுத்தார்கள். குழி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் கையில்தான் அது சரியாக வேலை செய்யும்.

நமது நாட்டில் குழாய்வழிக் கழிவுநீர் இணைப்பு உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். மீதிப் பேர் மலக்குழிகளை நம்பி வாழ்கிறோம். நிரம்பினால் கலி பவுசரைக் கூப்பிடுகிறோம். ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தொகையில் குறைவு. அதிலும் மாநகர சபை, நீர் வழங்கல் சபை, தனியார் பவுசர், நாட்கூலி ஒப்பந்தம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவருக்கு நடந்த விபத்து மற்றவருக்குப் பாடமாகப் போய்ச் சேருவதில்லை. ஆள் குறைவு என்பதால் தனிப் பள்ளிக்கூடம் கட்ட முடியாது என்பார்கள். நான் அதைத் தலைகீழாகப் பார்க்கிறேன்: ஆள் குறைவு என்பதால்தான் நிறுவன வேலிகளைத் தாண்டி எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டவேண்டும். பெரிய தொழிலில் அறிவு தானாகவே பரவும். சிறிய தொழிலில் இரண்டு பேர் ஓய்வுபெற்றால் ஒரு தெருவின் வரைபடமே போய்விடும்.

வழி இல்லாமல் இல்லை. தேசிய தொழிற்தகைமை முறை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.வி.கியூ., நம்மிடம் இருபது ஆண்டுகளாக இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதை நடத்துகிறது. வகுப்புக்குப் போகாதவரும், வேலையில் கற்றதைச் செய்து காட்டி மதிப்பீட்டில் தேறினால் தகைமை பெறலாம் என்பது அந்த முறையின் நல்ல அம்சம். குழாய் பொருத்துநர்கள் பலர் அப்படித்தான் பெற்று, அந்தத் தாளோடு வளைகுடா நாடுகளில் கூடிய சம்பளத்துக்குப் போனார்கள். வெள்ளவத்தை ஒழுங்கையில் நான் கண்ட மூத்தவரும் அதே மேசையில் உட்கார்ந்து மதிப்பிடப்படவேண்டியவர். மதிப்பிடுபவராகவும் உட்காரவேண்டியவர். ஓய்வுபெற்ற மறுநாள் அவரை ஆசிரியராக அழைக்க ஒரு சபைத் தீர்மானம் போதும்.

பயிற்சி கொடுத்தால் வெளிநாடு போய்விடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் ஒருவர் போகக் கூடாது என்பதற்காக அவரை அறியாதவராகவே குழிக்குள் இறக்குவது எந்த நியாயத்திலும் சேராது. பத்துப் பேரைப் பழக்கி மூவர் போனால் ஏழு பேர் மிஞ்சுவார்கள். தகைமைக்கு ஏற்ற சம்பளப் படி வைத்தால் அந்த மூவரிலும் ஒருவர் நிற்பார்.

மொழியையும் சொல்லவேண்டும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. கொழும்பின் குழாய்க் குழுக்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒன்றாக நிற்கிறார்கள். வேலையிடத்தில் இரு மொழியும் கலந்துதான் ஓடும். பம்பின் கையேடோ ஆங்கிலத்தில் வருகிறது. 'உள்ளே போகாதே' என்பதை மூன்றாம் மொழியில் படிக்கவேண்டிய நிலையில் ஒருவரும் இருக்கக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும், படங்களோடு, சட்டைப்பைக்குள் அடங்கும் கையேடு ஒன்றை அச்சிடுவது கடினமான காரியமில்லை. அதை எழுதும்போது பொறியியலாளரோடு குழுத் தலைவர் ஒருவரும் பக்கத்தில் இருக்கவேண்டும். 'மேன்ஹோல்' என்று எல்லோரும் சொல்லும்போது யாருக்கும் புரியாத புதுச்சொல்லை அதில் போட்டு அழகு பார்க்கக் கூடாது.

நாமும் செய்யவேண்டியது உண்டு. வெள்ளவத்தையின் சாப்பாட்டுக் கடைகளில் வடை பொரித்த எண்ணெய் குழாய்க்குள் போய்க் குளிர்ந்து மெழுகாக இறுகுகிறது. அடுக்குமாடிகளிலிருந்து துணியும் ஈரத் தாள்களும் வருகின்றன. கொழும்பில் மழைநீருக்குக் கான் வேறு, கழிவுநீருக்குக் குழாய் வேறு. கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் தொடுத்துவிட்ட வீடுகளாலும் பெருமழையில் மூடிகள் பொங்குகின்றன. அன்று வெள்ளவத்தையில் அடைப்பிலிருந்து இழுத்தெடுத்ததைப் பார்த்தேன்: இறுகிய எண்ணெய்க்கட்டியில் சுற்றிய ஒரு பழைய துவாய். அந்தத் துவாய்க்காக நான்கு பேர் உயிரைப் பணயம் வைத்தார்கள்.

அடுத்த முறை உங்கள் வீதியில் மூடி திறக்கப்படும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். வாயுமானி கொண்டுவந்தீர்களா, முக்காலியும் கயிறும் இருக்கிறதா, இந்த ஆண்டு பயிற்சி கிடைத்ததா என்று அவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அன்று மாலையே உங்கள் வட்டாரத்தின் மாநகர சபை உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.